கை நோகுது என்றார்கள்

என் அம்மா என்னைப் பற்றிப் பல வருடங்களாக ஒரே பொய்யைச் சொல்லிவந்தார். மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளச் சலவை அறையிலோ கோயிலிலோ யாராவது, "உங்கட மூத்தவர் என்ன செய்யிறார்?" என்று கேட்டால், "அவனோ, சும்மா பந்து பொறுக்கித் திரியிறான்" என்பார். உண்மையில் நான் அப்போது சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தேன். பந்தை எறிகிற பிட்சர் நான். பொறுக்குவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அம்மாவின் பிரச்சாரத்துக்கு முன்னால் என் மறுப்பு எடுபடவில்லை. கலியாண வீடுகளில் பெரியவர்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, சென்ட் லோரன்ட் பக்கம் மருந்துத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று இரக்கத்தோடு சொல்வார்கள்.

"ஏனம்மா இப்பிடிச் சொல்லுறியள்?"

"உள்ளதைச் சொன்னா நாவூறு பட்டிடும். சனத்தின்ர கண் சும்மா இராது."

நாலு பேர் வாய்விட்டுப் புகழ்ந்தால் பிள்ளைக்குக் கேடு வரும் என்பது அம்மாவின் பயம். அம்மாவுக்கு மட்டுமல்ல, எனக்குத் தெரிந்த எல்லா அம்மாக்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால் எங்கள் ஆட்களின் பேச்சில், வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை ஏதோ தப்பிப் பாஸ் பண்ணியிருக்கும். கொழுத்த குழந்தை மெலிந்து போயிருக்கும். இதை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். கேட்கிற எதையும் மனதுக்குள் தலைகீழாகத் திருப்பி விளங்கிக்கொள்வது எனக்குப் பழகிப்போயிருந்தது.

பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன் நான். இங்கே பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர் ஒருநாள் கையில் பந்தைத் தந்து எறியச் சொன்னார். எறிந்தேன். அதோடு படிப்பு போயிற்று. அப்பா என் முதல் ஆட்டத்தைப் பார்க்க வந்து, "இது எங்கட ஊர் எல்லே விளையாட்டுத்தானே, இதுக்கேன் இவ்வளவு உடுப்பு?" என்று கேட்டுவிட்டு வாங்கிலேயே நித்திரையாகிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் ஆடிய ஊர்களின் பெயரைச் சொன்னால் கியூபெக்கில் பிறந்தவர்களே முழிப்பார்கள். மரம் அரிகிற ஊர், காகித ஆலை ஊர், எல்லை தாண்டினால் சோளக்காட்டுக்கு நடுவே ஓர் ஊர். பஸ்ஸில் ஏறுவோம், ஆடுவோம், மலிவான விடுதியில் படுப்போம். பருவம் முடிகிற நேரம் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார். கதவைச் சாத்தினாலே விளங்கிவிடும். கையைக் குலுக்கிவிட்டு அடுத்த ஊரைத் தேட வேண்டியதுதான். நான் நல்ல ஆட்டக்காரனா, மட்டமானவனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நல்லவன் என்றால் ஏன் அனுப்பினார்கள்? மட்டமானவன் என்றால் அடுத்த ஊர்க்காரன் ஏன் எடுத்தான்? இதை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

முப்பதைத் தாண்டியதும் தோள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு சின்ன அணியில் எறிகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார்கள். பிறகு, மொன்றியலின் பெரிய அணி மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்கே போய்விட்ட காலத்தில், வேறோர் அமெரிக்க அணிக்காக இந்தப் பக்கத்தில் புது ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்க்கிற வேலை எனக்குக் கிடைத்தது. அதற்கு ஸ்கவுட் என்று பெயர். நகரத்தில் பேஸ்பாலே செத்துப்போயிற்று என்று எல்லோரும் சொன்ன நேரத்தில் எனக்குப் பேஸ்பாலில் வேலை. இதுவும் எனக்கு விளங்கவில்லை. சம்பளம் ஒழுங்காக வந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

வேலை பழக்கியவர், முப்பது வருடமாக இதே தொழிலில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர். என் மேலதிகாரி. மனதுக்குள் அவரை நான் பெரியவர் என்றுதான் கூப்பிடுவேன். வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, துவக்கு மாதிரி இருக்கிற வேகம் அளக்கும் கருவியை நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். கை தட்டக் கூடாது. முகம் மலரக் கூடாது. மனதுக்குப் பிடித்த பையன் எறிய வரும்போது வேண்டுமென்றே எழுந்து கோப்பி வாங்கப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் மற்ற அணிகளின் ஆட்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். "நல்ல மனுசன். நாவூறு தெரிஞ்சவர்" என்றார்.

பெரியவரிடம் இன்னொரு விதியும் இருந்தது. ஒப்பந்தம் பற்றிப் பேச முன்னர் வீட்டுக்குப் போக வேண்டும், குசினி மேசையில் அமர்ந்து தாய் தகப்பனிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். "எறிகிறவன் எப்போதும் பொய்தான் சொல்வான். கை கழன்று விழுந்தாலும் நோகவில்லை என்பான். பெற்றவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள்" என்பார். முதல் பாதி உண்மை. என்னைக் கேட்ட எந்த மேலாளரிடமும் நான் நோகிறது என்று சொன்னதில்லை. மறுபாதியைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் எங்கள் அம்மாக்களைக் கண்டதில்லை.

ஓர் இளவேனிலில் சென்ட் மிஷேலில் ஒரு பூங்காவில் அவனைக் கண்டேன். பத்தொன்பது வயது. இடக்கைக்காரன். வருடாந்த ஆள் தெரிவில் எந்த அணியின் கண்ணிலும் படாமல் விடுபட்டவன், அதனால் விரும்பினால் நாங்கள் நேரடியாகவே எடுக்கலாம். கருவியில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, கருவி பழுது என்று நினைத்து அதைத் தட்டிப் பார்த்தேன். பழுதில்லை. அதன் பிறகுதான் சட்டையின் முதுகில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தேன். எங்கள் ஆட்களின் பெயர். இந்தத் தொழிலில் அத்தனை வருடம் சுற்றியும் இன்னொரு தமிழனை நான் கண்டதில்லை. விதிப்படி எழுந்து கோப்பி வாங்கப் போனேன், டெப்பனர் என்கிற மூலைக்கடை வாசலில் நின்று கோப்பியை மறந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

கோடை முழுவதும் அவனை மறைந்து மறைந்து பார்த்தேன். பெரியவரும் வந்து பார்த்தார். அவர் தொடர்ச்சியாகப் பலமுறை கோப்பி வாங்கப் போனதிலிருந்து அவருக்கும் பிடித்துவிட்டது என்று விளங்கியது. இலையுதிர் தொடங்கியதும் இருவருமாக அவன் வீட்டுக்குப் போனோம்.

மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். மடு மாதா படத்துக்கு முன்னால் சின்ன மின்விளக்கு எரிந்தது. தகப்பன் சென்ட் லோரன்டில் விமான உதிரிப்பாகம் செய்கிற ஆலையில் வேலை. வேலை முடிந்து வந்து குளித்து, மடிப்புக் கலையாத சட்டையோடு வாசலில் நின்றார். பெரியவர் டை கட்டியிருந்தார், நான் தோற்பை வைத்திருந்தேன். மேசையில் நல்ல கோப்பைகள், ரோல்ஸ், கேக். எங்களைப் பார்த்தால் சம்பந்தம் பேச வந்தவர்கள் என்றே யாரும் நினைத்திருப்பார்கள்.

தாய் முதலில் அவனுடைய கையைப் பற்றிக் கதைத்தார். "சின்னனில எல்லாத்தையும் பீச்சாங்கையாலதான் செய்வான். நான் அடிச்சு அடிச்சுத் திருத்தினனான். இப்ப சாப்பிடுறது, ஆருக்கும் குடுக்கிறது வாங்கிறது எல்லாம் சோத்துக்கையாலதான்."

நாங்கள் வந்ததே அந்தப் பீச்சாங்கைக்காக. பெரியவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். "மகன் இடக்கைக்காரன் என்பதில் தாய்க்குச் சந்தோசம்" என்று பிரெஞ்சில் சொன்னேன். தலைகீழாகத் திருப்புவது எனக்குக் கைவந்த கலை. பெரியவர் மகிழ்ந்துபோய் ஒரு ரோல்ஸ் எடுத்தார்.

தகப்பனுக்குத் தொழிற்சாலை அளவு பிரெஞ்சு தெரியும். ஆனால் பெரியவரின் கேள்விகளுக்குத் தமிழில் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். ஒழுங்காகச் சாப்பிடுவானா? "எங்க தம்பி, கோழிக்குஞ்சு மாதிரிக் கொறிப்பான்." அவர் சொல்லும்போது மகன் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தான். கடுமையாக உழைப்பானா? "சரியான சோம்பேறி. ஒண்டுக்கும் உதவமாட்டான்." தினமும் விடியப் பூங்காவைச் சுற்றி ஓடுகிறவன் அவன், நானே கண்டிருக்கிறேன். கை எப்போதாவது நொந்திருக்கிறதா?

"அதை ஏன் கேக்கிறியள். நோகுது நோகுது எண்டு ஒரே முனகல். ஐஸை வைச்சுக்கொண்டுதான் படுக்கிறான்."

"ஓம், நோகுதாம்" என்றார் தாய், கேக் தட்டை என் பக்கம் தள்ளியபடி.

"அப்பா!" என்றான் மகன். பிறகு பெரியவரைப் பார்த்துப் பிரெஞ்சில், ஒன்றுமே இல்லை, நன்றாக இருக்கிறது என்றான்.

தகப்பனின் முகத்தைப் பார்த்தேன். கோழிக்குஞ்சு என்றபோது இருந்த அதே சிரிப்பு, சோம்பேறி என்றபோது இருந்த அதே சிரிப்பு. மகனின் இடக்கையைப் பார்க்கத் தேடினேன். அது மேசைக்குக் கீழே மடியில் கிடந்தது. தாய் திருத்திய திருத்தத்தில் அது சபைக்கு வருவதே இல்லை. அந்த வீட்டில் இருந்த இரண்டு மணி நேரத்தில் அதை நான் ஒருமுறைகூடக் காணவில்லை.

காரில் ஏறியதும் பெரியவர் கேட்டார்.

"தகப்பன் கடைசியாகச் சொன்னது என்ன?"

சொன்னேன். பிறகு எங்கள் வழக்கத்தையும் சொன்னேன். பெற்றவர்கள் பிள்ளையைப் புகழ மாட்டார்கள், குறைத்துத்தான் சொல்வார்கள், அது ஒருவிதக் காப்பு என்றேன்.

"அப்படியென்றால் நோகிறது என்றால் நோகவில்லை?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"உண்மையிலேயே நோகிறது என்றால் உங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள்?"

யோசித்தேன். உண்மையான நோய் வருத்தம் என்றால் எங்கள் ஆட்கள் மூச்சு விடமாட்டார்கள். சம்பந்தம் பேசும்போது இருமலைக்கூட மறைப்பார்கள். அப்படிப் பார்த்தால் வாய்விட்டு நோகிறது என்று சொன்னதே நோகவில்லை என்பதற்கு அத்தாட்சி. ஆனால் எங்களை அவர்கள் சம்பந்தம் பேச வந்தவர்களாக நினைத்தார்களா, நாவூறு போடுகிற வெளியாராக நினைத்தார்களா? அல்லது பிள்ளையைத் தூரதேசத்துக்கு அனுப்ப மனமில்லாமல் எங்களைக் கலைக்கப் பார்த்தார்களா? எந்தப் பக்கம் போனாலும் முட்டியது. பெரியவர் காரை எடுக்காமல் என் பதிலுக்காகக் காத்திருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க வேண்டிய விசயம்தான். கை நிசமாகவே நோகிறது என்றால், அவனைச் சோதித்துப் பார்க்க அமெரிக்காவிலிருந்து வருகிற பெரிய தலைகளுக்கு முன்னால் அவன் முழுப் பலத்தோடு எறிந்தால் அதோடு அந்தக் கை போய்விடலாம். நோகவில்லை என்றால், தகப்பனின் ஒரு பணிவுப் பேச்சை நம்பி நாங்கள் விலகினால் அவனுடைய ஒரே வாய்ப்பு போய்விடும். இனி யாரும் அந்தப் பூங்காவுக்கு வரப்போவதில்லை. எனக்கு அவன் தேவைப்பட்டான் என்பதும் உண்மை. எங்கள் ஆள் ஒருவன் மேலே ஏறுவதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது.

அவனை மெத்ரோ ரயில் நிலைய வாசலில் தனியாகப் பிடித்துக் கேட்டேன். தமிழில் கேட்டதற்குப் பிரெஞ்சில் பதில் சொன்னான். நோகவில்லை, எறிகிறவர்கள் எல்லோரும்தானே ஐஸ் வைக்கிறார்கள் என்றான். அதுவும் சரிதான். நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அவன் வயதில் நானும் இப்படித்தானே சொல்லியிருப்பேன்.

கடைசியில் அம்மாவைக் கேட்டேன்.

"நல்ல பிள்ளையைப் பெத்ததுகள் நல்ல பிள்ளை எண்டு வந்தவையிட்டச் சொல்லுங்களோ?" என்றார் அம்மா. "அதுவும் வெள்ளைக்காரனையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய். அந்தப் பொடியனுக்கு ஒண்டுமிராது."

அம்மாவைவிட இதில் நிபுணர் யார்? நான் பெரியவரைக் கூப்பிட்டு, கை நன்றாக இருக்கிறது என்றேன்.

சென்ட் லோரன்டில் ஒரு பழைய கிடங்கை உள்ளரங்காக மாற்றி வைத்திருந்தார்கள். அங்கேதான் சோதனை. அமெரிக்காவிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவன் எறிந்தான். அப்படி எறிந்ததை நான் முன்பு பார்த்ததில்லை. பிடிக்கிறவனின் கையுறையில் பந்து விழுகிற சத்தத்தில் வந்தவர்கள் இருவரும் விதியை மறந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இடையில் அவன் விரல்களை இரண்டொரு தடவை உதறினான். கிடங்கு குளிர் என்று நினைத்தேன். தகப்பன் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சுவரோரமாக நின்றார். மகன் எறியும்போது அவர் பந்தையோ பிடிக்கிறவனையோ பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையில் பார்க்கிறார் என்று எண்ணி நான் பெருவிரலைக் காட்டினேன்.

ஒப்பந்தத்துக்கு முன்னர் மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது அணியின் வழக்கம். மறுநாள் கையை ஸ்கேன் படம் எடுத்தார்கள். முழங்கையின் உட்புறத் தசைநார் கிழிந்திருந்தது. ஒப்பந்தம் இல்லை. அன்றைக்குத்தான் கிழிந்ததா, முன்பே கிழிந்து அன்றைக்குப் பெரிதானதா என்று மருத்துவருக்கே சொல்லத் தெரியவில்லை. சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் எறிவது இருக்கட்டும், கையை நேராக நீட்டுவதே கஷ்டமாகிவிடும் என்றார்.

மருத்துவமனை நடைகூடத்தில் தகப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர்தான் முதலில் கதைத்தார், குரலை உயர்த்தாமல்.

"தம்பி, நான் உமக்குத் தமிழிலதானே சொன்னனான்."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அந்த மனுசனுக்கு என்ர பிரெஞ்சில சொன்னா விளங்குமோ விளங்காதோ எண்டு யோசிச்சன். நீர் எங்கட ஆள், உமக்கு விளங்கும் எண்டு நினைச்சன். அண்டைக்கு எறியேக்கயும் உம்மைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். நீர் நிப்பாட்டுவீர் எண்டு."

எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. ஏன் அண்ணை சிரித்துக்கொண்டு சொன்னீர்கள் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கோழிக்குஞ்சுக்கும் சோம்பேறிக்கும் பிறகு அதே மூச்சில் சொன்னால் எது வழக்கம், எது உண்மை என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆனால் பெரியவருக்குத் தமிழே தெரியாது. என் விளக்கம் இல்லாமல் அந்த வார்த்தையை மட்டும் கேட்டிருந்தால் அவர் நோகிறது என்றால் நோகிறது என்றுதான் விளங்கியிருப்பார். தமிழ் தெரிந்ததனால் மட்டுமே எனக்கு விளங்காமல் போயிற்று.

பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அடுத்த முறை சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர், விளக்கம் வேண்டாம்" என்றார். கதவைச் சாத்தாமல் சொன்னார், அதனால் வேலை போகவில்லை என்று விளங்கிக்கொண்டேன்.

சத்திரசிகிச்சை பனிக்காலத்தில் நடந்தது. நான் வாராவாரம் தொலைபேசி எடுத்தேன். மகன் பிரெஞ்சில் "சா வா", பரவாயில்லை, என்பான், தாய் "ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்" என்பார். பனி கரைந்து வீதியோரம் சேறான நாட்களில் ஒருநாள் என் அழைப்பைத் தகப்பன் எடுத்தார்.

"கை எப்பிடியண்ணை?"

"இப்ப நல்ல சுகம் தம்பி. ஒரு குறையுமில்லை."

தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே இருந்தேன். நல்ல சுகம் என்றால் நல்ல சுகமா? எங்கள் ஆட்கள் உண்மையான வருத்தத்தைத்தானே இப்படி மறைப்பார்கள்? அல்லது என்னிடம் இனிமேல் நேராகத்தான் கதைக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டாரா? அல்லது நான் திரும்பவும் வந்து தொல்லை கொடுக்காமல் இருப்பதற்காகவா? அம்மாவைக் கேட்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். என் புத்தியை நானே திட்டிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சென்ட் மிஷேலுக்குப் போனேன்.

கதவைத் திறந்த தகப்பன் ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. இருங்கோ என்றார். இந்த முறை ரோல்ஸ் இல்லை, நல்ல கோப்பைகளும் இல்லை. தாய் குசினியில் தேத்தண்ணி போட்டார். மகன் அவருக்குப் பக்கத்தில் நின்றான். மூன்று பேரும் என்னோடு சாதாரணமாகக் கதைத்தார்கள். பனியைப் பற்றி, ஆலையில் ஆட்களைக் குறைப்பது பற்றி. கையைப் பற்றிய பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வருகிற எந்தப் பதிலையும் நம்ப என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

தாய் தேத்தண்ணிக் கோப்பையை மகனிடம் கொடுத்து, "அண்ணைக்குக் குடு" என்றார். அவன் அதை வாங்கிக்கொண்டு வந்து, மேசைக்கு அந்தப் பக்கத்தில் நின்றபடியே என் பக்கம் நீட்டினான். இடக்கையால் நீட்டினான். முழங்கையின் உட்புறத்தில் நீளத் தழும்பு, இன்னும் சிவப்பாக. கோப்பை நிரம்பியிருந்தது. கை முழுதாக, நேராக நீண்டு என் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"டேய், என்ன பழக்கம் இது? சோத்துக்கையால குடு" என்றார் தாய்.

அவன் கோப்பையை மறுகைக்கு மாற்றப் போனான். "இல்லையக்கா," என்றேன். "அந்தக் கையாலயே தரட்டும்."